ஒற்றுப்பிழையும் ஒரு மோட்டார் சைக்கிளும்

‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்பதில் வருவது தூவானமா, தூவாணமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தூவானம்தான் என்று பதில் எழுதிய கையோடு, ‘இன்று காலை அந்தத் தூவானத்தில்தான் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் வந்து சேர்ந்தேன்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரி செய்த வேலை இது: மொழிச் சந்தேகங்களுக்கு என்று ஒதுக்கிய இந்தப் பக்கத்துக்கு இம்முறை வந்த கடிதங்களில் வல்லினம் மிகும் இடம் பற்றியவை இரண்டு; மோட்டார் சைக்கிள் பற்றியவை முப்பத்தொன்று. ஆசிரியர் கடிதக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சரி, இந்த இதழுக்கு மட்டும் இலக்கணம் பின் இருக்கையில் உட்காரட்டும்.

கே: ஐம்பத்தேழு வயதில், பொறுப்பான வேலையில் இருக்கும் ஒரு பெண்மணி இப்படிச் சாகசம் செய்யலாமா? பிழை திருத்துபவருக்கு இது அழகா? (ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்)

ப: ஐயா, நீங்கள் சாகசம் என்பது பத்தொன்பது ஆண்டுகளாக நான் வேலைக்குப் போய்வரும் வழி. அப்போது நான் ஓர் அச்சகத்தில் இரவு முறையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போக நள்ளிரவு ஒரு மணி ஆகும். அதற்குப் பிறகு பஸ் கிடையாது. விடியும்வரை காகிதக் கட்டுகளின்மேல் சாய்ந்து கிடப்பேன். ஒருநாள் இயந்திரப் பிரிவில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, “என் பழைய வண்டி சும்மாதான் நிற்கிறது, பழகிக்கொள்ளுங்களேன் அம்மா” என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. சைக்கிள் ஓட்டியே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் நாள் அவர் சாவியையே தரவில்லை. வண்டியை மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார். “முதலில் இதைத் தூக்குங்கள்.” முன்பக்கமாகக் குனிந்து இழுத்துப் பார்த்தேன்; அசையவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையில் இடுப்பைக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் இருக்கைக்குக் கீழே உள்ள கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் தரையை உந்திச் சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடக்கச் சொன்னார். வண்டி எழுந்துகொண்டது. அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். இரண்டாம் நாள், இன்ஜினைக் கிளப்பாமல் அச்சகத்தின் முற்றத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள்தான் கிளட்ச்.

இதில் எங்கே சாகசம் இருக்கிறது என்று பத்தொன்பது ஆண்டுகளாகத் தேடுகிறேன். அழகா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் ஹெல்மெட் மட்டும்தான் தெரிகிறது. அது சிவப்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

கே: ‘மோட்டார் சைக்கிள்’ என்று ஏன் எழுதுகிறீர்கள்? தமிழ்ச் சொல் இல்லையா?

ப: இருக்கிறது. விசையுந்து என்பார் உண்டு. இலங்கையில் உந்துருளி என்றும் எழுதுவார்கள். எனக்கும் அந்தச் சொல்மீது ஆசைதான். ஆனால் முற்றத்தில் எனக்குக் கிடைத்தது மோட்டார் சைக்கிள். பழகிய பெயரை விட மனம் வரவில்லை. இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுதுங்கள்.

கே: பைக் ஓட்டுபவர்கள் என்றாலே போக்கிரிகள், அலட்சியக்காரர்கள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? (கல்லூரி மாணவர்)

ப: பாதி கதையிலிருந்து வந்தது, தம்பி. மீதிப் பாதியை நாமே சம்பாதித்தோம்.

கதையை முதலில் சொல்கிறேன். 1947 ஜூலையில், கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஊர் தாங்காத கூட்டம். குடியும் கூச்சலும் கைதுகளும் இருந்தன. பிறகு ‘லைஃப்’ இதழில் முழுப்பக்கப் படம் ஒன்று வெளிவந்தது. காலி பாட்டில்கள் குவிந்து கிடக்க, நடுவே வண்டியில் தள்ளாடி உட்கார்ந்திருக்கும் தடித்த ஆள். பாட்டில்களைப் பொறுக்கிவந்து குவித்து, அந்த ஆளை அழைத்து உட்காரவைத்து எடுத்த படம் அது என்று அந்த இடத்தில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். ஆனால் படம் உலகத்தைச் சுற்றி முடித்துவிட்டது. அடுத்து சினிமா பிடித்துக்கொண்டது. அதன்பின், ‘99 விழுக்காடு ஓட்டுநர்கள் ஒழுங்கானவர்கள்’ என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அறிக்கை விட்டதாக ஒரு பேச்சு பரவியது. அப்படி ஓர் அறிக்கை விட்டதற்கான பதிவே தங்களிடம் இல்லை என்று சங்கம் சொல்கிறது. விடாத அறிக்கையைப் பிடித்துக்கொண்டு சில கும்பல்கள் தங்களை ‘ஒரு விழுக்காட்டினர்’ என்று அழைத்துக்கொண்டன, இன்றும் சட்டையில் அந்த 1% அடையாளத்தைத் தைத்துக்கொள்கின்றன. மெய்ப்புப் பார்க்காமல் அச்சேறிய பிழைக்கு எவ்வளவு ஆயுள் பாருங்கள்.

அதே காலத்தில் உண்மையில் உலகம் ஓட்டிக்கொண்டிருந்தது எதை? 1958இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் என்ற சின்னஞ்சிறு வண்டியை. ஒரு கையில் பொட்டலத்தோடு ஓட்டுபவருக்காக அதில் கிளட்ச் பிடியையே எடுத்துவிட்டார்கள். 2017க்குள் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. கடிதமும் பாலும் மருந்தும் சுமந்த அந்தப் பத்துக் கோடியை யாரும் பாட்டில்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுக்கவில்லை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு, நடு இரவில் ஊர் உறங்கும்போது உறுமிக்கொண்டு போகிறவனைக் கண்டால் எனக்கும் கை துருதுருக்கிறது. ஒரு பச்சிளங்குழந்தையை எழுப்பிவிட்டுப் போனவன் எங்கள் எல்லாரின் பெயரிலும் ஒரு கறையைப் பூசிவிட்டுப் போகிறான். அவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் முன்முடிவு என்பது வண்டி ஓட்டாதவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஓட்டத் தொடங்கிய நான்காம் ஆண்டு, ஆளில்லாத சாலையில் என் வண்டியின் செயின் அறுந்து தொங்கியது. பொழுது சாயும் நேரம். தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் மூன்று பெரிய வண்டிகளின் ஓசை கேட்டது. கறுப்புத் தோல் உடை, டேங்கில் மண்டையோட்டுப் படம், ஒருவருக்கு மார்புவரை தாடி. நிறுத்தினார்கள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது: நான்கு ஆண்டுகள் அதே சாலையில் அதே மாதிரி வண்டியில் போய்வந்தவள், பையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

தாடிக்காரர் எதுவும் பேசாமல் மண்டியிட்டு உட்கார்ந்தார். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கழன்று விழுந்திருந்தது. அவரிடம் மாற்று லாக் ஒன்று இருந்தது. “இதன் வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் அக்கா. மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் கழன்றிருக்கிறது” என்றார். மாற்றிப் போட்டது நானேதான், சொல்லவில்லை. இன்னொருவர் டார்ச் பிடித்தார். மூன்றாமவருக்கு வேலை இல்லை. டேங்கின்மேல் நான் வைத்திருந்த பக்க மெய்ப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். “இங்கே ‘சுவற்றில்’ என்று வந்திருக்கிறதே, ‘சுவரில்’ என்றுதானே இருக்க வேண்டும்?” என்றார்.

நான் இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்ட பக்கம் அது. அவர் பள்ளித் தமிழாசிரியராம். அச்சேறுமுன் திருத்திவிட்டோம்.

கே: வேகம்தானே இதில் சுகம்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ப: இல்லை. வேகமாகப் போனால் சாலையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. வெறும் வேகம்தான் வேண்டுமென்றால் ரயிலில் போகலாமே.

காரின் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு ஊர் படமாக ஓடுகிறது. வண்டியில் இருப்பவருக்கு அது தோலில் படுகிறது. இரவில் சாலை பள்ளத்தில் இறங்கும் இடத்தில் காற்று சட்டென்று குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கி நிற்கும். மேட்டில் ஏறினால் மறுபடி வெதுவெதுப்பு. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஆற்றுப் பாலம் எங்கே தொடங்குகிறது என்று என் முழங்கால் சொல்லிவிடும். (கண்ணை மூட மாட்டேன், பயப்படாதீர்கள்.) அறுத்த புல்லின் வாசனைக்கும் காய்ந்த புல்லின் வாசனைக்கும் இடையே பத்து வினாடிதான்.

பிறகு வளைவு. இதைத்தான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நகரும் வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் இடப்பிடியை முன்னே தள்ள வேண்டும். தவறாக அச்சாகவில்லை, இடப்பக்கம் போக இடக்கையால் முன்னே தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் விலக, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தபின் அந்தச் சாய்விலேயே வளைந்து போகிறது. மிக மெதுவான வேகத்தில் மட்டும்தான் திருப்பிய பக்கம் திரும்பும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா? இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று மூத்தவரான வில்பர் பல சைக்கிள்காரர்களைக் கேட்டாராம். முதல் முறையே முழுதும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம். கைகளுக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத் தெரியவில்லை.

நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். விஷயம் தெரிந்த அன்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். மூன்று வயதுக் குழந்தை மரம், கிளை இரண்டையும் சேர்த்து மரக்கிளை என்று பிசகாமல் சொல்கிறதே, மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விதியைத் தெரிந்துகொண்ட பிறகு ஓட்டுவது இன்னொரு சுகம். எதிர்பாராமல் சாலையில் ஒரு பள்ளம் வந்தால் பதறாமல், விலக வேண்டிய பக்கத்துக் கையைத் தள்ளுகிறேன். வண்டி உடனே விலகுகிறது.

கே: எனக்குப் பத்தொன்பது வயது. ‘பெண்ணால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது’ என்கிறார் அண்ணன். உண்மையா?

ப: கனத்தைத் தாங்குவது டயர்கள், மகளே. உன் அண்ணனும் அதைத் தலையில் சுமந்துகொண்டு போவதில்லை. நின்ற நிலையில் இரண்டு பாதமும் தரையில் படுகிற வண்டியாகப் பார்; அது இன்ஜினின் அளவைச் சொல்லும் சி.சி.யைவிட முக்கியம்.

அண்ணனுக்குப் படித்துக் காட்ட மூன்று விஷயங்கள். அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற அக்காவும் தங்கையும் 1916இல் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை கடந்தார்கள். சேறும் பாலையும்தான் அப்போது சாலை. வழியில் அவர்களைப் பிடித்து நிறுத்தினார்கள். குற்றம், ஆண்களைப் போலக் காற்சட்டை அணிந்தது. ராணுவத்தில் வண்டியில் செய்தி கொண்டுபோகும் வேலைக்குப் பெண்களும் தகுதியானவர்கள் என்று காட்டத்தான் கிளம்பினார்கள். வண்டி வெற்றிகரமாகக் கரை சேர்ந்தது, விண்ணப்பம் சேரவில்லை. பிற்பாடு தங்கை வழக்கறிஞர் ஆனார், அக்கா விமானம் ஓட்டினார்.

அடுத்து, தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இருவர். 1934 இறுதியில் லண்டனில் கிளம்பி, பக்கப்பெட்டி பூட்டிய ஒரே வண்டியில் சகாராவைக் குறுக்கே கடந்து 1935இல் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள்.

பியாட்ரிஸ் ஷில்லிங்கை எனக்கு இன்னும் பிடிக்கும். பொறியாளர். 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கினார். தன்னை மணக்க விரும்பியவரிடம், நீங்களும் அந்த நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் மூக்கைக் கீழே சாய்த்தால் இன்ஜின் திணறும். எரிபொருள் பாதையில் சிறு துளையிட்ட ஒரு தகட்டைப் பொருத்தி அதைச் சமாளிக்க வழி கண்டவரும் அவர்தான். அண்ணனிடம் எத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று கேட்டுப் பார்.

கே: வண்டிக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா?

ப: இல்லை. அதுவும் எனக்கு வைக்கவில்லை.

கே: மகன் வண்டி கேட்கிறான். எனக்கு இரவில் தூக்கமில்லை. ஓட்டுகிறவர் நீங்கள், உண்மையைச் சொல்லுங்கள். விழுந்ததே இல்லையா? (ஒரு தாய்)

ப: விழுந்திருக்கிறேன். நாற்பத்தேழாம் வயதில், மழை பெய்த சாலையில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில். சாலையில் வெள்ளை வண்ணம் பூசிய கோட்டின்மேல் சக்கரம் போனபோது பிரேக்கை அழுத்தினேன். ஈரமான வண்ணப் பூச்சு சோப்புப் போலத்தான் இருக்கும். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் இடக்கையால் மெய்ப்புத் திருத்தினேன்; அந்த மாத இதழில் என் சுழிகளைப் பார்த்து அச்சுக்கோப்பவர் அழுதார். ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் என் முகத்தில் வந்திருக்க வேண்டியது. அதை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன், அணிவதில்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. இன்னொரு முறைக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயமான கதையே ஒரு சாவில் தொடங்கியது. டி.இ. லாரன்ஸ், அரேபியப் போரில் பெயர் பெற்றவர், 1935 மே மாதம் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் விலகப்போய் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். சிகிச்சை பார்த்தவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். செய்தி கொண்டுபோகும் ராணுவ ஓட்டுநர்களின் தலைக்காயங்களை அவர் பின்னர் ஆராய்ந்து 1941இல் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மகன் பறப்பான் என்று பயப்படுகிறீர்கள். 1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கைக்காக, தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. அவர்கள் பெரும்பாலும் சொல்வது: “நான் பார்க்கவே இல்லை.” பொய் சொல்லவில்லை, அம்மா. என் தொழிலில் இதைத் தினமும் காண்கிறேன். ‘சுவற்றில்’ என்பது என் கண்ணில் பட்டது. மனம் எதிர்பார்த்த சொல்லை அங்கே எழுதி வாசித்துக்கொண்டு போய்விட்டது. காரை எதிர்பார்த்துத் திரும்புபவர் கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் அப்படித்தான் விட்டுப்போன ஒற்று.

ஆகவே மகனிடம், வேகமாகப் போகாதே என்பதோடு நிறுத்தாதீர்கள். சந்திப்பு ஒவ்வொன்றிலும் எதிரில் நிற்பவர் உன்னைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்து ஏமாறாமல் முன்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நகரத் தொடங்குவது அங்கேதான் முதலில் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடி யோசித்தால் 17 மீட்டர் ஓடிவிடும். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. அதற்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகாமல், இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகட்டும். அதே அறிக்கையில் விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் முறையாகக் கற்காதவர்கள். எனவே வண்டியைவிடப் பயிற்சிக்கு முதலில் பணம் கட்டுங்கள். தூக்கம் முழுதாக வராது. என் அம்மாவுக்கும் வரவில்லை. நான் வந்து வண்டியை நிறுத்தும் ஓசை கேட்ட பிறகுதான் விளக்கை அணைப்பார்.

கே: தனியாகவே போகிறீர்களே, சலிக்காதா?

ப: ஹெல்மெட்டுக்குள் பாடுவேன். வெளியே கேட்காது என்று நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்குமாம், சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி கைதட்டினாள்.

கே: எனக்கு அறுபத்திரண்டு வயது. வாழ்நாள் முழுவதும் ஆசை, ஒருமுறைகூட ஓட்டியதில்லை. இனிமேல் கற்க முடியுமா? சிரிக்காதீர்கள்.

ப: சிரிக்கவில்லை. மருத்துவரிடம் கண், காது, முழங்கால் மூன்றையும் காட்டிவிட்டு வாருங்கள். சிறிய, தாழ்ந்த வண்டி ஒன்றை இரவல் வாங்குங்கள். ஆளில்லாத சமதரை வேண்டும். முதல் நாள் தூக்குவது, இரண்டாம் நாள் தள்ளுவது. மூன்றாம் நாள் முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை நூலளவு நூலளவாக விடுங்கள். வண்டி தானே ஊர்ந்து கிளம்பும் அந்த இடத்தை விரல்கள் மனப்பாடம் செய்யும்வரை வேறெதுவும் வேண்டாம். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது; போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், வண்டி கண்ணின் பின்னால்தான் வரும். சைடு ஸ்டாண்டை மடக்கினீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முதல் நாள் கிளட்ச் விட்டபோது இன்ஜின் எத்தனை முறை நின்றது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எனக்குப் பதினேழு.